ஒரு போத்தல் பப்பாசி இலைச் சாறு

உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்த அடுத்த நாள்தான் நான் ஓடத் தொடங்கினேன். உடம்பைப் பற்றிய அக்கறை ஒன்றும் கிடையாது. விடிந்தால் சித்தி, மாமி, பெரியம்மா என்று முறை வைத்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, பெறுபேறு என்னவாம் என்று விசாரிப்பார்கள். அம்மா கூடத்தின் நடுவில் நின்று, எனக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி, எனக்கு நன்றாகக் கேட்கும்படி பதில் சொல்லுவார். அந்தக் கதையிலிருந்து தப்ப வேண்டுமென்றால் வெளியே போகவேண்டும். சும்மா நடந்தால் தெரிந்தவர்கள் மறித்துக் கதைப்பார்கள். ஓடுகிறவளை யாரும் மறிக்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்து ஒழுங்கையால் இறங்கினால் மரைன் டிரைவ். தெருவுக்கு அங்கால் ரயில் பாதை, அதற்கும் அங்கால் கடல். காலை ஐந்தரைக்கே அங்கே சனம் நிறைந்துவிடும். பாதிப் பேர் சீனி வருத்தத்துக்கு டொக்டர் சொல்லி நடப்பவர்கள். முதல் நாள் இருநூறு அடி ஓடியிருப்பேன், அதற்குள் விலாவில் குத்திப் பிடித்துக்கொண்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்து போட்ட ஒரு மாமி ஆடி அசைந்து என்னைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்து, "பிள்ளை, முதல்ல நடந்து பழகுங்கோ" என்றார். அந்த மாமியை முந்துவதற்காகவே மறுநாளும் போனேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை ரோட்டில ஓடினா, ஆரோ துரத்துறாங்கள் எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்றார்.

"துரத்துறது சித்தியும் மாமியும் தான்" என்றேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா கனடாவுக்குப் போய் அப்போது பதினொரு வருடம். எங்களைக் கூப்பிடுவதற்கான பத்திரங்கள் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தன. அந்தப் பதினொரு வருடமும் அம்மா ஒரு நல்ல அலுமாரி வாங்கவில்லை, சுவருக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. எப்படியும் போகப்போகிறோம்தானே என்பார். நானும் அப்படியே வளர்ந்தவள். எதைத் தொடங்கினாலும் பாதியில் விடலாம், இது நிரந்தரமான இடமில்லையே என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. பாட்டு வகுப்புக்குப் போனேன், விட்டேன். நீச்சல், விட்டேன். படிப்பையும் அப்படித்தான் படித்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஓட்டத்தை மட்டும் ஏனோ விடவில்லை. குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கிய நகைக்கடைக் கலண்டரில், ஓடிய நாளுக்கு ஒரு கோடு போட்டேன். ஒரு மாதம் முழுக்கக் கோடு விழுந்தபோது எனக்கே நம்பமுடியவில்லை. அந்த மாமியை இரண்டாம் மாதம் முந்தினேன். அவர் கை தட்டினார். ஆறு மாதத்தில் கொள்ளுப்பிட்டி முனை வரைக்கும் நிற்காமல் போய்த் திரும்பினேன். உடம்பு மெலிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆனால் நாளைக்கும் வருவேன் என்று எனக்கு நானே சொல்லி, நாளைக்கும் வந்து நின்ற ஆள் ஒருத்தி எனக்குள் இருந்தாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்த என் பள்ளித் தோழி ஒரு உதவி கேட்டாள். அவள் தன் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மண்டபத்தில், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஐந்து பெண்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகக் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. "நீ சும்மாதானே இருக்கிறாய், வந்து வகுப்பை எடன்" என்றாள். சும்மா இருக்கிறாய் என்றது சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை. என்னைக் கவிழ்த்தது பௌதிகம்தான், கணிதம் எனக்கு நன்றாக வரும். ஒத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாலு பேர் முன் வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி மட்டும் கடைசி வாங்கில் தனியாக இருந்தாள். பதினாறு வயது, மெலிந்த கழுத்து, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல். முன்னுக்கு வரச்சொன்னேன். "எனக்குக் கணக்கு ஏலாது அக்கா, இங்கேயே இருக்கேன்" என்றாள். ஏதோ உடம்பு முடியாதவள் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள்.

அவளுடைய கதையை மற்றப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்கமுடியாது. அவள் கோட்டை விட்டால், இன்னொரு முறை எழுத வைக்கத் தன்னால் முடியாது, மட்டக்குளியில் தைக்கிற பக்டரிக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அங்கே அவளுடைய அத்தை ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கோ தாதி ஆகவேண்டும். பெரியாஸ்பத்திரியில் தம்பி ஒரு கிழமை கிடந்தபோது, வெள்ளை உடுப்போடு நடந்து திரிந்த தாதிமாரைப் பார்த்து வந்த ஆசை. அதற்கு முதலில் இந்த ஒரு கணிதம் வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கும் அந்த வெள்ளை உடுப்புக்கும் நடுவில் நின்றது.

நான் நல்ல ஆசிரியை இல்லை. எனக்குப் பொறுமை குறைவு, கோபம் சுள்ளென்று வரும். ஆனால் ஓட்டத்தில் படித்த ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்து பேருக்கும் ஐந்து பழைய கலண்டர் தாள் கொடுத்தேன். தினமும் பத்துக் கணக்கு. செய்தால் கோடு, செய்யாவிட்டால் வெற்றிடம். பிழையாகச் செய்தாலும் பரவாயில்லை, கோடு போடலாம். முதல் மாதம் அவளுடைய தாளில் கோடுகள் நிறைந்திருந்தன, விடைகள் எல்லாம் பிழை. இரண்டாம் மாதம் பத்தில் மூன்று சரி. கடைசி வாங்கிலிருந்து நடு வாங்குக்கு வந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே வந்தாள்.

இடையில் ஒருமுறை இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தவளை எல்லோருக்கும் முன்னால் பிடித்துக் கிழித்தேன். "வரமாட்டன் எண்டா வரமாட்டன் எண்டு சொல்லவேணும். நான் வெள்ளவத்தையில இருந்து வந்து இஞ்ச வெறும் வாங்கைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதோ? சொல்லாமல் நிக்கிறது பச்சை ஏமாத்து."

அம்மா வேலைக்குப் போய்விட்டாள், தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு தலையை நிமிர்த்தி, "சாரி அக்கா. இனிமேல் சொல்லாம நிக்கமாட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். வரமுடியாத நாளில் தாயின் தொலைபேசியிலிருந்து, 'அக்கா இன்று வர இயலாது, மன்னிக்கவும்' என்று பரீட்சைக் கட்டுரைபோல ஒரு செய்தி வரும். வாசித்துவிட்டு நான் சிரிப்பேன்.

ஒருநாள் துணிந்து, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் ஓடியே வகுப்புக்குப் போனேன். காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை என்று ஞாயிறு காலையில் வெறிச்சென்று கிடந்த தெருக்களால் ஓடி, கொச்சிக்கடைக் கோயில் சந்திக்கு வரும்போது கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. சந்தியில் மெழுகுதிரி விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்திருக்கவேண்டும். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" என்று கேட்டாள். நான் நிற்காமல் ஓடவும், அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு என் பக்கத்தில் ஓடிவந்தாள். மண்டபம் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாய் ஓடினோம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது வழக்கமாகிவிட்டது. நான் ஓடி வருவேன், அவள் அந்தச் சந்தியில் நிற்பாள். செருப்பு கைக்குப் போகும். ஓடும்போது வாய்ப்பாடு கேட்பேன், சூத்திரம் கேட்பேன். மூச்சு வாங்க வாங்கச் சொல்லுவாள். ஐந்தாம் மாதம் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்தபோது நாற்பத்தொன்று எடுத்தாள். சித்தியடைய அது காணும். தாளைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டு, நடு வாங்கிலிருந்து எழும்பி முன் வாங்குக்கு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல்கலைக்கழகம் கிடைத்திருந்தால்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருப்பேனோ தெரியாது.

"சோதினை முடியும் வரைக்கும் அக்கா வருவீங்க தானே?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"நான் எங்க போகப்போறன்" என்றேன்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது விசா வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஆட்கள் விசா வந்ததை யாருக்கும் சொல்லமாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும். பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் பெட்டி கட்டுவார்கள். ஒருநாள் காலையில் அந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும், மற்றச் சனம் விளங்கிக்கொள்ளும். வெள்ளவத்தையில் என் வகுப்பில் அப்படி எத்தனையோ கதிரைகள் திடீரென்று வெறுமையானதுண்டு. எங்கள் மேல்மாடியில் ஒரு குடும்பம் விசா வந்த சந்தோஷத்தில் ஊரைக் கூட்டி விருந்து வைத்தது. கடைசி நேரத்தில் ஏதோ ஒரு பத்திரம் சரியில்லை என்று அவர்களுடைய பயணம் நின்றுபோனது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை. "பிளேனுக்குள்ள ஏறி பெல்ட் கட்டும் வரைக்கும் ஒரு குருவிக்கும் வாய் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். பதினொரு வருடம் காத்திருந்தவர். சத்தியம் பண்ணினேன்.

நான் கண்ணூறை நம்புகிறவள் அல்ல. ஆனால் விசா வந்ததிலிருந்து விமானம் ஏறும் வரைக்குமான அந்தப் பன்னிரண்டு நாளும் நம்பினேன்.

இடையில் ஒரு ஞாயிறு வந்தது. வழக்கம்போல ஓடினேன், அவளும் ஓடிவந்தாள். வகுப்பு முடிய, "அடுத்த கிழமை ஒருங்கமை சமன்பாடு. பத்துக் கணக்கு செய்துகொண்டு வாங்கோ" என்று சொன்னேன். அடுத்த கிழமை நான் அங்கே நிற்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, வினாக்களைப் பலகையில் எழுதிப்போட்டேன். ஐந்து பேரும் குனிந்து பார்த்தெழுதினார்கள். சுண்ணக்கட்டி என் கை வியர்வையில் ஊறிப் போயிருந்தது.

சொல்லாமல் நிற்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வழியில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். அந்தப் பருவத்தில் கொழும்பு முழுக்க டெங்கு. வெள்ளவத்தையில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு காய்ச்சல். சனிக்கிழமை அவளுடைய தாயின் தொலைபேசிக்கு எடுத்தேன். அவள்தான் பேசினாள்.

"எனக்கு டெங்கு. ரெண்டு கிழமை வரமாட்டன். மற்றாக்களுக்கும் சொல்லிவிடுங்கோ. காய்ச்சல் மாறினதும் வருவன்."

"ஐயோ அக்கா! பிளேட்லட் எவ்வளவு?"

தாதியாக வரப்போகிறவள் அல்லவா, அதைத்தான் முதலில் கேட்டாள். வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன். "அது குறைவு அக்கா" என்றாள். குரல் அப்படியே இறங்கிவிட்டது. நன்றாகத் தண்ணீர் குடிக்கும்படியும், ஓடக்கூடாது என்றும், படுத்தே இருக்கவேண்டும் என்றும் புத்திமதி சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். காரியம் லேசாக முடிந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

செவ்வாய் விடியப்புறம் விமானம். திங்கள் பின்னேரம் நாலு மணியிருக்கும். கூடம் முழுக்கப் பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. மிளகாய்த்தூள், ஒடியல் மா, அப்பாவுக்குப் பனாட்டு என்று அம்மா பொதி சுற்றிக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. அம்மா வாயில் விரலை வைத்து, என்னைப் பார்த்தார். நான் பூனைபோல நடந்துபோய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்தேன்.

அவள் நின்றாள். வெள்ளைப் பள்ளிச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல். பள்ளி விட்டு நேரே பஸ் ஏறியிருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. என் விலாசத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள்? தோழியாகத்தான் இருக்கவேண்டும். கையில் ஒரு பை. சீருடையின் ஓரத்தில் பச்சையாய் ஒரு கறை.

மறுபடி மணியை அமர்த்தினாள். "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டாள், உரக்க அல்ல. நோயாளியின் நித்திரை கெட்டுவிடும் என்று நினைத்திருப்பாள்.

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. இத்தனை வருடமாக இதை நினைக்கும்போதெல்லாம், அம்மா விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கண்ணூறுக்குப் பயந்தும் நான் கதவைத் திறக்காமல் விடவில்லை. திறந்தால் ஒரு காய்ச்சலும் இல்லாமல் கல்லுப்போல நிற்கிற என்னை அவள் பார்ப்பாள். சொல்லாமல் நிற்பது பச்சை ஏமாற்று என்று அவளைக் கிழித்தவள் நான். அந்த வெட்கத்துக்குப் பயந்து நின்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைக் கதவின் கைபிடியில் கொழுவிவிட்டு, அது விழாது என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, படியால் இறங்கிப் போனாள். மாடிப்படியில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் கீழ்த்தட்டு வரைக்கும் கேட்டது.

பைக்குள் அவளுடைய பள்ளித் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதற்குள் கரும்பச்சையாய்ப் பப்பாசி இலைச் சாறு. டெங்குக் காய்ச்சலுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் கொடுக்கிற கை மருந்து. ஒரு போத்தல் சாறு பிழிய எத்தனை இலை இடிக்கவேண்டும் என்று இடித்தவர்களுக்குத்தான் தெரியும். கொட்டாஞ்சேனையில், அந்த நெருக்கமான வீடுகளுக்கு நடுவில், பப்பாசி மரத்தை அவள் எங்கே தேடிப்பிடித்தாளோ. கூடவே கொப்பித் தாளில் ஒரு துண்டு. 'காலை இரண்டு கரண்டி, இரவு இரண்டு கரண்டி. தண்ணீர் கலக்கவில்லை. கசக்கும், ஆனால் குடியுங்கள். ஒருங்கமை சமன்பாடு பத்தும் செய்துவிட்டேன்.'

குசினிக்குள் போய் இரண்டு கரண்டி குடித்தேன். என்ன நினைத்துக் குடித்தேன் என்று கேட்டால் தெரியாது. அப்படி ஒரு கசப்பு. மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றி, போத்தலைக் கழுவித் துடைத்து, கீழே காவலுக்கு இருந்த வாச்சரிடம் கொடுத்தேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தேடி வந்தால் கொடுக்கச் சொன்னேன். அன்றைக்கு இரவு சாப்பாடு போடும்போது அம்மா, "பாவம் அந்தப் பிள்ளை" என்றார்.

விமானத்தில் ஏறி இருந்து, பெல்ட்டைக் கட்டியதும், அம்மா பெரிய மூச்சொன்று விட்டார். "இனிச் சொல்லு. ஆருக்கு வேணுமெண்டாலும் சொல்லு" என்றார். தொலைபேசி கையில்தான் இருந்தது. அதை மூடச்சொல்லும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. சித்திக்குச் சொன்னேன், மாமிக்குச் சொன்னேன். அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், தோழியோடு பேசினேன். அவள்தான் எல்லாம் சொன்னாள். நான் வராத முதல் ஞாயிறே, பிள்ளைகளை வேறொரு ஆசிரியரின் வகுப்பில் சேர்க்கத் தோழி ஏற்பாடு செய்திருக்கிறாள். நாலு பேர் போய்விட்டார்கள். இவள் மட்டும் அசையவில்லை. "அக்கா காய்ச்சல் மாறினதும் வருவாங்க" என்றிருக்கிறாள். இரண்டு கிழமையும் தானே தனியாக மண்டபத்தில் இருந்து கணக்குச் செய்திருக்கிறாள். இரண்டு கிழமை முடிய, என்னைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறாள். வாச்சர் போத்தலைக் கொடுத்து, அவர்கள் கனடா போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். எந்த நாள் போனார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் அதையும் சொல்லியிருக்கிறார்.

"அதுக்குப் பிறகு அவள் ஒருத்தரிட்டயும் படிக்கப் போகேல்லை" என்றாள் தோழி. "சோதினை எழுதினவள். ஆனா..."

பெறுபேறு வந்தபோது நாலு பேர் சித்தியடைந்திருந்தார்கள். அவளுக்குக் கணிதத்தில் டபிள்யூ. சித்தியடையவில்லை என்பதற்குப் போடுகிற எழுத்து. சித்திரைப் புதுவருடம் முடியப் பக்டரிக்குப் போய்விட்டாளாம்.

எல்லாம் என்னால்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதான். நான் நின்றிருந்தாலும் அவள் தவறியிருக்கலாம். நாற்பத்தொன்று என்பது மயிரிழை. ஆனால் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிறே மற்ற நாலு பேரோடும் அவள் போயிருப்பாள். அவளை அந்த மண்டபத்தில் இருத்தி வைத்தது என்னுடைய பொய். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை. அவளுடைய தாயின் எண்ணுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினேன். அந்த எண் பாவனையில் இல்லை. ஒரு வருடம் நான் ஓடவே இல்லை. குளிர் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

பிறகு ஓடினேன். பிறகு படித்தேன், வேலை எடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிற வேலைதான். என் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது சொல்லாமல் நின்றால் நான் இப்போது ஏசுவதில்லை.

போன வருடம், ஆறு வருடம் கழித்து, ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கினேன். ஞாயிறு காலை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மரைன் டிரைவுக்கு இறங்கினேன். கால்கள் தாமாகவே காலிமுகத்திடலைத் தாண்டின. கொச்சிக்கடைச் சந்தியில் மெழுகுதிரிக்காரர்கள் இருந்தார்கள். அவள் இல்லை. இருப்பாள் என்று நான் நினைக்கவுமில்லை. ஆனாலும் நின்று பார்த்தேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று தோழி முதலே சொல்லியிருந்தாள். பக்டரியை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. ஞாயிறும் திறந்திருக்கும் கடை. உள்ளே நாலைந்து பேர் மருந்துத் துண்டோடு நின்றார்கள். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அவள், வெளிர்நீலச் சட்டை, ஒற்றைப் பின்னல். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒரு கிழவருக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். "உதேட்ட எக்காய், ரேட்ட எக்காய், கேமட்ட பஸ்ஸே." கிழவர் மறந்துவிடுவார் என்று உறையிலும் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கொப்பித் துண்டில் இருந்த அதே வட்ட வட்ட எழுத்து.

என் முறை வந்தது. வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றேன். தலையை நிமிர்த்தினாள். ஒரு கணம்தான் எடுத்தது.

"காய்ச்சல் மாறிட்டுதா அக்கா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் கோபம் இல்லை. மருந்து வாங்க வருகிற எவரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள். ஆறு வருடமாக நான் ஒரு மன்னிப்பைப் பாடம்பண்ணி வைத்திருந்தேன். "ஓம்" என்றேன்.

"அப்ப நான் அக்கா வீட்டுக்கு வந்த அன்னைக்கு, அக்கா உள்ளே தானே இருந்தீங்க?"

"ஓம்" என்றேன் மறுபடியும்.

தலையை ஆட்டினாள். எனக்குப் பின்னால் ஒரு பெண், இருமுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துண்டை நீட்டினாள். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மருந்து எடுக்கத் திரும்பினாள். திரும்புவதற்கு முன்பு, குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எனக்குச் சொல்லியிருந்தா, நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன் தானே அக்கா."

நான் வெளியே வந்தேன். திரும்பி ஓட என்னால் முடியவில்லை. மண்டபம் இருந்த தெருவால் நடந்துபோய், பஸ் ஏறித்தான் வெள்ளவத்தைக்கு வந்தேன்.